டீகம்பைல் செய்த கோடும் கணக்குத் தடையும்: ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதியவர்களுக்கு

“சோர்ஸ் கோட் கையில் இருக்கிறது, ஒரு அலெர்ட் மட்டும் சேர்க்க வேண்டும், அரை மணி நேர வேலைதான்.” ஃப்ரீலான்ஸ் தளத்தில் புதுக் கணக்கு தொடங்கியவருக்கு இப்படி ஒரு வேலை வந்தால், விலை குறைவாக இருந்தாலும் கை தானாக விண்ணப்பிக்கும் பட்டனுக்குப் போகும். ஒரு நல்ல ரேட்டிங் கிடைக்குமே என்ற ஆசைதான். திருத்தி அனுப்பிய பிறகு ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். காரணம் ஒரே வரியில் இருக்கும்: டீகம்பைல் செய்த கோடைப் பயன்படுத்தியது விதிமீறல். கோடைத் தந்தது கிளையன்ட், டீகம்பைல் செய்தது யாரோ, போனது உங்கள் கணக்கு.

விதி நியாயமானது, ஆனால் அது விழும் இடம் பல நேரம் நியாயமாக இல்லை என்பது என் கருத்து. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. இன்னொன்று, தவறு செய்யாமலே மாட்டிக்கொண்டால் அதைக் காட்டக்கூடிய நிலையில் இருப்பது.

முதலில், என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு புரோகிராமை எழுதியவர் அதைக் கம்பைல் செய்து, இயங்கும் ஃபைலை மட்டும் விற்கிறார். சோர்ஸ் அவரிடமே இருக்கிறது. டீகம்பைலர் என்பது அந்த இயங்கும் ஃபைலைப் பின்னோக்கிப் படித்து, சோர்ஸ் போலத் தெரியும் ஒன்றை உருவாக்கும் கருவி. கம்பைல் ஆகும்போது கமென்ட் எல்லாம் போய்விடும். பல மொழிகளில் வேரியபிள் பெயர்களும் போய்விடும். அதனால் டீகம்பைலர் தானே பெயர் வைக்கும். லாஜிக் மட்டும் அப்படியே திரும்பி வரும். எழுதியவரின் உழைப்பு அந்த லாஜிக்கை எழுதிய விதத்தில்தான் இருக்கிறது. அதை அனுமதியில்லாமல் எடுத்துத் திருத்தி விற்க ஒரு தளம் இடம் கொடுத்தால், அந்தத் தளத்தில் யாரும் எதையும் விற்க வரமாட்டார்கள்.

இந்தச் சிக்கல் மிக அதிகமாகத் தென்படும் இடங்களில் ஒன்று மெட்டாட்ரேடர் 4 என்ற வர்த்தக மென்பொருளுக்கான இன்டிகேட்டர்களும் (விலைப் போக்கைக் காட்டும் சிறு புரோகிராம்கள்) ரோபோக்களும் (தானாக வாங்கி விற்பவை). அதற்கு ஒரு வரலாறு உண்டு. அங்கே சோர்ஸ் எம்க்யூ4 ஃபைல், கம்பைல் ஆனது இஎக்ஸ்4 ஃபைல். 2014 பிப்ரவரியில் வந்த 600-ஆம் பில்டுக்கு (வெர்ஷனுக்கு) முன்பு இஎக்ஸ்4-ஐ எம்க்யூ4 ஆக்குவது மிகச் சுலபம். அந்த பில்டில் கம்பைலரும் ஃபைல் அமைப்பும் மாறியதால் பழைய டீகம்பைலர்கள் பயனற்றுப் போயின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிரித்தெடுத்த கோடுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்கிருந்தோ டவுன்லோட் செய்த கிளையன்டுக்கு அது திறந்த மூலக் கோடாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

படி 1: தளத்தின் விதியை, வேலைக்குக் கை நீட்டும் முன் படியுங்கள்

பயன்பாட்டு விதிமுறைகளில் அறிவுசார் சொத்து பற்றிய பகுதியையும், தடைசெய்யப்பட்ட வேலைகள் என்ற பகுதியையும் தேடுங்கள். டீகம்பைல் கோடை வெளியிடுவது மட்டும் குற்றமா, கேட்பதும் வாங்குவதும் குற்றமா? முதல் முறையே நிரந்தரத் தடையா, எச்சரிக்கை உண்டா? மேல்முறையீடு உண்டா, எத்தனை நாளுக்குள்? எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளம் பிடித்து வைக்கும் இடத்தில், இருக்கும் பணம் என்ன ஆகும்? இந்த நான்குக்கும் பதிலை அன்றைய தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதிகள் மாறும். மாறிய பிறகு பழைய வாசகம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

படி 2: கோடைப் பார்த்ததும் அடையாளம் காணப் பழகுங்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய எம்க்யூ4 டீகம்பைலர்கள் வேரியபிளுக்குப் பெயர் வைக்கும் முறை தனி. குளோபல் என்பதற்கு ஓர் எழுத்து, வகைக்கு ஓர் எழுத்து, பிறகு அடிக்கோடு, பிறகு ஓர் எண். அந்த எண்களைக் கவனியுங்கள்: 76, 80, 84, 92, 100. மனிதர் எண்ணினால் 1, 2, 3 என்று போவார். இங்கே முழு எண் வேரியபிளுக்குப் பிறகு 4 கூடுகிறது, தசம வேரியபிளுக்குப் பிறகு 8 கூடுகிறது. ஏனென்றால் அது மெமரியில் அந்த வேரியபிள் இருக்கும் இடம். முழு எண்ணுக்கு 4 பைட், தசமத்துக்கு 8 பைட். ஃபங்ஷன் பெயர்களும் ‘எஃப்’ எழுத்து, பூஜ்யம், அடிக்கோடு, வரிசை எண் என்றே இருக்கும். சிவப்பு நிறத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 255 நிற்கலாம். இவை மூன்றும் ஒரே ஃபைலில் இருந்தால் மேலே யோசிக்க எதுவுமில்லை.

மற்ற மொழிகளிலும் தடயம் உண்டு. ஜாவாவில் ஜேடி-குய் கருவி ஃபைலின் அடியில் தன் வெர்ஷனைக் கமென்டாக எழுதிவிட்டுப் போகலாம். ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிரிக்கும் ஜேடெக்ஸ், தன்னால் முடியாத இடங்களில் தன் பெயரோடு எச்சரிக்கைக் கமென்ட் போடும். டாட்நெட்டில் டாட்பீக், ‘ஜெட்பிரெயின்ஸ் டீகம்பைலரால் பிரிக்கப்பட்டது’ என்று தலைப்பிலேயே சொல்லும். டிஎன்ஸ்பை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும் டோக்கன் எண்ணை எழுதும். சி மொழியில் ‘ஃபன்’ அல்லது ‘சப்’ என்று தொடங்கி மெமரி முகவரியில் முடியும் ஃபங்ஷன் பெயர்கள் வந்தால் கிட்ரா அல்லது ஐடா என்ற டீகம்பைல் கருவி வேலை செய்திருக்கிறது. கிட்ராவை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் இலவசமாக வெளியிட்ட பிறகு, இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டிய தடையும் போய்விட்டது.

தடயங்களைத் துடைத்துவிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பெயர்களை எல்லாம் அழகாக மாற்றியிருப்பார்கள். அப்போது அமைப்பைப் பாருங்கள். பெரிய புரோகிராம், ஆனால் ஒரு கமென்ட்கூட இல்லை. இன்டென்ட் முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரே சீர். ஒரே கணக்கீடு பத்து இடத்தில் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. மனிதர் எழுதிய சோர்ஸ் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. கமென்டாக்கி அணைத்து வைத்த பழைய வரிகள், ‘இதைப் பிறகு சரிசெய்’ என்ற குறிப்பு, பாதியில் மாறிய பெயரிடும் பழக்கம் என்று ஏதாவது அசிங்கம் இருந்தே தீரும்.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஃபைல் அளவைக் குறைக்கச் சுருக்கிய, அதாவது மினிஃபை செய்த ஜாவாஸ்கிரிப்டில் எல்லாப் பெயரும் ஒற்றை எழுத்தாக இருக்கும். அது டீகம்பைல் அல்ல. தானாகவே கோட் எழுதித் தரும் விசார்டுகள் உருவாக்கும் கோடிலும் எண் போட்ட பெயர்கள் வரும். தளத்தின் மாடரேட்டரும் உங்களைப் போலக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அவரும் தவறலாம்.

படி 3: கேளுங்கள், தளத்தின் சாட்டிலேயே கேளுங்கள்

கிளையன்டைத் திருடன் போல விசாரிக்க வேண்டாம். இப்படிக் கேட்டால் போதும்:

“வணக்கம் சார். வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தக் கோடை எழுதியது நீங்களா, வேறு டெவலப்பரிடம் வாங்கியதா, டவுன்லோட் செய்ததா? வாங்கியது என்றால் மாற்றம் செய்ய அனுமதி இருக்கிறதா? வேரியபிள் பெயர்களைப் பார்த்தால் கம்பைல் ஆன ஃபைலிலிருந்து எடுத்தது போல் தெரிகிறது. அப்படி இருந்தால் இந்தத் தளத்தின் விதிப்படி நம் இருவருக்கும் சிக்கல் வரும்.”

நேர்மையான கிளையன்ட், “தெரியாதுங்க, ஒரு குரூப்பில் கிடைத்தது” என்பார். சிலர், “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் பேசலாம்” என்பார்கள். இரண்டாவது பதில் வந்தால் அந்த வேலை அங்கேயே முடிந்தது. தளத்துக்கு வெளியே பேச்சை இழுப்பது பல தளங்களில் தனி விதிமீறல். அதைவிட முக்கியம், நாளை உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சி தளத்தின் சாட்தான். அதையும் இழந்துவிடுவீர்கள்.

மறுக்கும்போது எழுத்தில் மறுங்கள். ஃபைலை உங்கள் ரெப்போவில் போடாதீர்கள், கருத்துக் கேட்க நண்பருக்கு அனுப்பாதீர்கள், திருத்திப் பார்த்துத் திருப்பி அட்டாச் செய்யாதீர்கள். கிளையன்ட் தெரியாமல் பொதுவில் போட்டிருந்தால், நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் புகார் செய்யலாம். எடுத்த எடுப்பில் போட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, குறிப்பாக முதல் தவறுக்கே கணக்கை மூடும் தளங்களில்.

படி 4: வேலையை வேறு வழியில் செய்ய முடியுமா பாருங்கள்

மறுத்ததோடு நிறுத்த வேண்டியதில்லை. கிளையன்டுக்குத் தேவை ஒரு அலெர்ட். அவருக்குச் சோர்ஸ் தேவை என்பது அவரே நினைத்துக்கொண்டது.

மெட்டாட்ரேடரில் ஐகஸ்டம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கம்பைல் ஆன இன்டிகேட்டரை இயக்கி, அதன் பஃபரில் வரும் மதிப்புகளை வேறொரு புரோகிராமிலிருந்து படிக்க உதவும். முறையாக வாங்கிய இஎக்ஸ்4 ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, அதன் மதிப்பைப் படித்து அலெர்ட் தரும் சிறு புரோகிராமை நீங்கள் புதிதாக எழுதலாம். சோர்ஸ் ஒரு வரிகூட வேண்டாம். மற்ற மென்பொருள்களுக்கு ஏபிஐ, பிளகின், கட்டளை வரி என்று இதே போன்ற கதவுகள் இருக்கும். தட்டிப் பார்க்காமலே சுவரை உடைக்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

அதுவும் முடியாவிட்டால், நடத்தையை வைத்துப் புதிதாக எழுதுங்கள். காப்புரிமை (காப்பிரைட்) பாதுகாப்பது எழுதப்பட்ட வடிவத்தை; கருத்தையோ செயல்முறையையோ கணிதத்தையோ அல்ல. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 9-ஆம் பிரிவே இப்படிச் சொல்கிறது. விலை வரைபடத்தில் இரண்டு சராசரிக் கோடுகள் வெட்டும்போது அம்புக்குறி போடும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. பேடன்ட் வேறு கதை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனை. டீகம்பைல் ஆன கோடைப் படித்துவிட்டு ‘புதிதாக’ எழுதுவது புதிதாக எழுதுவது ஆகாது. 1980-களில் பீனிக்ஸ் நிறுவனம் ஐபிஎம் பிசியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு இணையான ஒன்றை உருவாக்கியபோது இரண்டு குழுக்களை வைத்தது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. அந்தக் கோடைப் பார்த்தே இராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்து எழுதியது. நீங்கள் ஒற்றை ஆள்; ஒரே நேரத்தில் இரண்டு குழுவாக இருக்க முடியாது. ஆகவே சந்தேகம் வந்த நொடியே ஃபைலை மூடுங்கள். எவ்வளவு குறைவாகப் பார்த்தீர்களோ அவ்வளவு நல்லது. கிளையன்டிடம், “உள்ளீடு என்ன, எப்போது என்ன வர வேண்டும், ஐந்து உதாரணங்கள் தாருங்கள்” என்று கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள். முதல் நாளிலிருந்தே, கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் சிறு சிறு கமிட்டாகப் போடுங்கள். வெற்று ஃபைலிலிருந்து கோட் வளர்ந்த வரலாறு ஒரு நல்ல ஆதாரம். முழுசாக ஒரே கமிட்டில் வந்த ஆயிரம் வரி எதையும் நிரூபிக்காது.

தன் சோர்ஸைத் தானே தொலைத்தவர்

உண்மையிலேயே இப்படி ஆட்கள் வருவார்கள். எழுதிக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை, ஹார்டு டிஸ்க் போய்விட்டது, இயங்கும் ஃபைல் மட்டும் மிச்சம். உரிமை அவருடையதாக இருந்தால் அதைப் பிரித்துப் பார்ப்பதில் திருட்டு ஏதுமில்லை. காசு கொடுத்து எழுதச் சொன்னாலே உரிமை வந்துவிடாது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உரிமையாளர் அல்லாதவருக்கும் சட்டம் சில சன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/24 வழிகாட்டுநெறியில் 6-ஆம் பிரிவு, இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து இயங்கத் தேவையான தகவலுக்காக டீகம்பைல் செய்ய, நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. முறையாக வாங்கியவர் பிழை திருத்துவதற்காக டீகம்பைல் செய்யலாம் என்று 2021 அக்டோபரில் டாப் சிஸ்டம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் சேகா, அக்கோலேட் என்ற வீடியோ கேம் நிறுவனங்களுக்கிடையேயான 1992-இன் தீர்ப்பு இதே திசையில் போனது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவிலும் சேர்ந்தியங்கும் தேவைக்கு ஒரு விலக்கு இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தளத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். சட்டம் அனுமதிப்பதைத் தளமும் அனுமதித்தாக வேண்டும் என்றில்லை. கணக்குத் தொடங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட விதி தனி ஒப்பந்தம். எனவே இப்படிப்பட்ட வேலை வந்தால், பழைய பில், ஒப்பந்தம், ஆப் கையெழுத்துச் சாவி என்று உரிமைக்கான சான்றைக் கிளையன்டிடம் வாங்கி, தளத்தின் சப்போர்ட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எழுத்தில் ‘சரி’ வந்தால் செய்யுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, தடை நியாயமா?

தளத்தின் பக்கமிருந்து பார்த்தால், “எனக்குத் தெரியாது” என்று எல்லோருமேதான் சொல்கிறார்கள். தெரிந்தவரும் அதையே சொல்கிறார். ஒவ்வொருவர் மனதையும் ஆராய மாடரேட்டருக்கு நேரமில்லை. அதனால் ஒரே கோடு கிழித்து, தாண்டியவர் வெளியே என்கிறார்கள்.

ஆனால் கோடில் உள்ள தடயங்களைப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கோ கிடைத்த ஃபைலை இணைத்த கிளையன்ட் ஒரு பக்கம். எண்கள் 4-ஆல் 8-ஆல் ஏறுவதைப் பார்த்தும் பணம் வாங்கித் திருத்தித் தந்த டெவலப்பர் இன்னொரு பக்கம். முதலாமவருக்கு நீக்கமும் எச்சரிக்கையும் போதும். இரண்டாமவருக்காகப் பரிந்து பேச எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏகூட, பயனர்களின் மீறலுக்குத் தாங்கள் பொறுப்பாகாமல் இருக்கப் பாதுகாப்பு வேண்டும் தளங்களிடம், ‘திரும்பத் திரும்ப மீறுபவர்களை’ உரிய சூழலில் நீக்கும் கொள்கை வைத்திருக்கத்தான் சொல்கிறது. முதல் முறையிலேயே நிரந்தரமாக மூடுவது தளத்தின் சொந்த முடிவு. எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லாமல் மூடுவது, என் பார்வையில், விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அநியாயம். எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாதவர் எப்படிப் பதில் சொல்வார்?

படி 5: தடை விழுந்துவிட்டால்

இரண்டாவது கணக்கைத் தொடங்காதீர்கள். தவறே செய்யாதவரையும் அது தவறு செய்தவராக்கிவிடும்.

சாட், ஒப்பந்தம், கமிட் வரலாறு, தடை அறிவிப்பு எல்லாவற்றையும் சேமியுங்கள். சில தளங்களில் முடக்கிய பிறகும் சில பக்கங்கள் படிக்கக் கிடைக்கும். அந்த வாய்ப்பு எத்தனை நாள் என்று நம்ப முடியாது. பிறகு முறையீட்டை ஒரே ஒரு முறை, சுருக்கமாக எழுதுங்கள்:

“என் கணக்கு இந்தத் தேதியில், இந்த விதியின் கீழ் முடக்கப்பட்டது. எந்த வேலை, எந்த ஃபைல் என்று அறிவிப்பில் இல்லை, தெரிவிக்கக் கோருகிறேன். இந்த எண்ணுள்ள வேலைதான் என்றால், கோடின் மூலத்தை நான் இந்தத் தேதியில் சாட்டில் கேட்டேன். கிளையன்ட் தானே எழுதியது என்று பதில் தந்தார். நான் ஒப்படைத்த ஃபைல் முழுவதும் நான் எழுதியது; கமிட் வரலாற்றை இணைத்துள்ளேன். முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்.”

இதில் கோபம் இல்லை, குடும்பக் கஷ்டம் இல்லை, ‘மற்றவர்களும் செய்கிறார்கள்’ இல்லை. உண்மையில் நீங்கள் கவனிக்காமல் திருத்திக் கொடுத்திருந்தால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். சாட்டைப் படிக்கும் மாடரேட்டருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து அங்கே சேவை தரும் தளத்தைப் பயன்படுத்தினால், டிஜிட்டல் சேவைகள் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கணக்கை முடக்கினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. 20-ஆம் பிரிவின்படி உள் முறையீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் வாய்ப்பு தர வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு இந்த 20-ஆம் பிரிவிலிருந்து விலக்கு. வேறு நாட்டில் இருப்பவர்களும் தளத்தில் அந்த முறையீட்டுப் படிவம் தங்களுக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

டிஎம்சிஏ நோட்டீஸ் வந்து உங்கள் ஃபைல் நீக்கப்பட்டிருந்தால் எதிர் நோட்டீஸ் அனுப்ப வழியுண்டு. அனுப்பிய பிறகு புகார் கொடுத்தவர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் ஃபைல் திரும்பும். ஆனால் அதில் உங்கள் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், பொய் சொன்னால் தண்டனைக்குரிய உறுதிமொழியும் இருக்கும். கோட் முழுக்க உங்களுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கை வையுங்கள். தளம் தன் சொந்த விதியின் கீழ் கணக்கை மூடியிருந்தால் இந்த வழி உதவாது.

முறையீடு தோற்றாலும் பணக் கேள்வியை விடாதீர்கள். தடைக்குச் சம்பந்தமில்லாத, ஏற்கனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலைகளின் தொகையை வேலை எண் வாரியாகப் பட்டியலிட்டுத் தனி டிக்கெட்டாகக் கேளுங்கள். கணக்கை மீட்பதும் பணத்தை மீட்பதும் பல தளங்களில் வேறு வேறு ஆட்களின் மேசை. ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டால், ‘முறையீடு நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒரே பதிலில் இரண்டும் மூடப்பட்டுவிடும்.